பத்து எண்ணுவதற்குள்

காரின் கூரை மூடப் பன்னிரண்டு விநாடி எடுத்தது. அது பத்தாக வேண்டும் என்று பஸ்ரியன் ஒற்றைக் காலில் நின்றான்.

நிஸ்தாருக்குப் பொறுமை போய்விட்டது. "எந்த மாப்பிள்ளையடா ரெண்டு செக்கனுக்காகக் கலியாணத்தை நிப்பாட்டப் போறான்?" என்று கேட்டான். பஸ்ரியன் பின் சீற்றில் தலைகீழாகக் கிடந்து ஏதோ ஒரு ஆணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

இரண்டு பேரும் ஒரே ஊர்க்காரர்கள், ஒரே வயதுக்காரர்கள். மன்னார் விடத்தல்தீவில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள், இப்போது ஸ்காபரோவில் மிட்லண்ட் வீதிப் பக்கம் ஒரு கராஜை வாடகைக்கு எடுத்து நடத்தினார்கள். கராஜின் நடுவே அந்த இம்பாலா நின்றது. அறுபத்தைந்தாம் ஆண்டு மொடல், கூரையை மடித்துப் பின்னால் படுக்கவைக்கும் கன்வேர்ட்டிபிள், நீளத்தில் ஒரு வள்ளம் அளவு வரும். லிண்ட்சே பக்கத்தில் ஒரு பண்ணைக் கொட்டிலுக்குள் இருபது வருடம் கோழிகளுக்கு வீடாகக் கிடந்ததை இருவருமாக இழுத்து வந்திருந்தார்கள். வந்த அன்று உள்ளே ஏறி இருந்த நிஸ்தாரின் கால் தரைத் தகட்டை உடைத்துக்கொண்டு நிலத்தில் முட்டியது.

நிஸ்தாரின் திட்டம் லேசானது. ரொறன்ரோவில் தமிழருக்குக் கலியாணமும் சாமத்தியவீடும் குறைவில்லை. பொம்பிளை மாப்பிள்ளையைத் திறந்த காரில் ஏற்றி மண்டப வாசலில் இறக்கினால் படமெடுக்கிறவனுக்கே கை நடுங்கும். பஸ்ரியனும் ஓம் என்றான். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தான். காரின் முதல் ஓட்டம் எயார்போட்டுக்கு. வேரோனிக்காவையும் கரோலினையும் ஏற்றி வந்த பிறகுதான் மற்ற மாப்பிள்ளைமாரெல்லாம்.

வேரோனிக்கா அவன் மனைவி. கரோலின் மகள், ஆறு வயது. சமாதான காலத்தில் ஊருக்குப் போய்த் தாலி கட்டி மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்பியவன், மகளை இன்னும் கண்ணால் கண்டதில்லை. அடுத்த வருடம் போகலாம், அடுத்த வருடம் போகலாம் என்று வேலையைக் காரணம் காட்டிக்கொண்டிருந்தான். ஸ்பொன்சர் பேப்பர் சரிவந்த நேரம் பாதை பூட்டுப்பட்டது. சண்டை மன்னாரிலிருந்து கிழக்கே தள்ளத் தள்ள, தாயும் பிள்ளையும் சனத்தோடு சனமாக மடு, மல்லாவி, கிளிநொச்சி, தருமபுரம் என்று நகர்ந்தார்கள். இப்போது இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம். முள்ளிவாய்க்காலில், கடலுக்கும் களப்புக்கும் இடையில் ஒரு துண்டு மணலில் இருந்தார்கள். அதற்கு மேல் நகர நிலம் இல்லை.

அந்த இரண்டு விநாடியும் கரோலினுடையது. போன ஆவணியில், கிளிநொச்சியில் இருந்தபோது, ஒரு நெற் கபேயில் காரின் படத்தைப் பார்த்துவிட்டு அவள் போனில் கேட்டாள்.

"அப்பா, உந்தக் காருக்குக் கூரை இல்லையோ?"

"இருக்கம்மா. பொத்தானை அமத்தினா தன்ரபாட்டில வந்து மூடும்."

"எவ்வளவு நேரத்தில மூடும்?"

பஸ்ரியனுக்குப் பெருமை பிடிபடவில்லை. மெக்கானிக்கின் பிள்ளை மெக்கானிக்கைப் போலத்தானே கேட்கும். "அரை நிமிசத்தில" என்றான்.

"அது காணாதப்பா" என்றாள் அவள், ஒன்றும் தெரியாத ஒருவனுக்கு விளங்கப்படுத்துகிற குரலில். "ஆமி செல் குத்துற சத்தம் கேட்டா, பத்து எண்ணுறதுக்குள்ள பங்கருக்க போயிடோணும். இல்லையெண்டா செல் விழுந்திடும்."

கனடாவில் எறிகணை விழாது என்று பஸ்ரியனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அதை அவளுக்குச் சொல்லவும் சொன்னான். அவள் நம்பவில்லை. மல்லாவியிலும் விழாது என்றுதான் சொன்னவையாம். போனை வைத்தவன் மறுநாள் காலை கூரையை இழுக்கிற பழைய பம்பைக் கழற்றி எறிந்தான். அதைவிடப் பெலமான மோட்டார், புதுக் குழாய்கள், பாரம் குறைந்த அலுமினியச் சட்டம் என்று ஒவ்வொன்றாக மாற்றினான். முப்பது இருபதாயிற்று, இருபது பதினைந்தாயிற்று, பதினைந்து பன்னிரண்டில் வந்து நின்றது. அதற்குக் கீழே போகமாட்டேன் என்று கூரை அடம்பிடித்தது.

மற்றதெல்லாம் எப்போதோ முடிந்திருந்தது. வெளியே பார்த்தால் அதே பழைய இம்பாலா, அதே குரோமியம், அதே நீலம். போனற்றைத் திறந்தால் அடிபட்ட ஒரு புதுப் பிக்கப்பிலிருந்து எடுத்த எஞ்சின். நாலு சில்லுக்கும் டிஸ்க் பிரேக். விரல் ஒன்றால் திருப்பக்கூடிய ஸ்டியரிங். பின் சீற்றில் தோளுக்குக் குறுக்கே வருகிற பெல்ற், பிள்ளைச் சீற்றைக் கொளுவ இரும்பு வளையம். பழைய ரேடியோவின் முகத்தை அப்படியே விட்டு அதன் முதுகில் புதுச் செற் ஒன்றை ஒளித்து வைத்திருந்தான். சாவியைத் திருப்பினால் போதும், சட்டைப்பைக்குள் இருக்கிற கைத்தொலைபேசியை அது தானாகப் பிடித்துக்கொள்ளும். அழைப்பு வந்தால் எட்டு ஸ்பீக்கரும் பேசும். ஸ்டியரிங்கில் இரண்டு பொத்தான். ஒன்று அழைப்பை எடுக்க. மற்றது ஸ்பீக்கர்களை அடக்கி, பேச்சைக் கையில் இருக்கிற போனுக்கே திருப்பிவிட.

பஸ்ரியனுக்கு அமெரிக்கன் மேல் ஒரு பக்தி இருந்தது. இம்பாலாவைத் தொட்ட நாளிலிருந்து அது முற்றிவிட்டது. நாற்பத்து நாலு வருடத்துக்கு முன்னரே இப்படி இரும்பை வளைத்தவன் சொன்னதைச் செய்வான் என்பது அவன் கட்சி. அந்த வசந்தத்தில் கிழமைக்கு மூன்று நாள் கராஜைப் பூட்டிவிட்டு யூனிவர்சிற்றி அவெனியூவில், அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு முன்னால், சண்டையை நிறுத்தச் சொல்லும் மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆயிரக்கணக்கில் சனம் நின்றது. மழையிலும் நின்றது. அங்கேதான் ஜெயரட்ணம் அங்கிள் பழக்கம். மார்க்கம் நகரத்தில் இருக்கிற, ஓய்வுபெற்ற மனிதர், காதில் எந்நேரமும் ஒரு போன். அவரிடம் வருகிற செய்தி எல்லாமே உறுதிப்படுத்தப்பட்ட செய்தியாக இருக்கும்.

"தம்பி, கப்பல் வெளிக்கிட்டிட்டுது" என்றார் அவர், மே இரண்டாம் கிழமை. "அமெரிக்கன்ர கப்பல். கரையில நிக்கிற சனத்தை முழுக்க ஏத்தப்போறாங்கள். மூண்டு நாள், கூடினா நாலு நாள். உறுதிப்படுத்தின செய்தி."

அவர் மட்டும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற பெண் சொன்னாள், சப்வேயில் வந்தவர்கள் சொன்னார்கள், தேநீர் ஊற்றிக் கொடுத்த பையன்கள் சொன்னார்கள். எல்லாரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டு, எல்லாரும் சொல்கிறார்களே என்று எல்லாரும் நம்பினார்கள். போக்கிடமற்ற சனத்துக்கு வேறு எதை நம்பச் சொல்வது?

நிஸ்தார் நம்பவில்லை. தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில், ஊர் முஸ்லிம்கள் எல்லாரும் வெளியேற வேண்டும் என்று இயக்கம் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னபோது, அவனுடைய வாப்பா வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். பெரியாக்கள் போய்ப் பேசுவார்கள், நாளைக்கு மாறும், பொறுத்துப் பார்ப்போம் என்றார். உம்மாதான் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வள்ளத்தில் ஏறியவர். ஏறும்போது வீட்டைப் பூட்டிய திறப்பைப் பஸ்ரியனின் அம்மாவிடம் கொடுத்தார். அந்தத் திறப்பு இப்போது எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது.

"ஆரோ வருவாங்க எண்டு பாத்துக்கொண்டு இருக்கப்படாது மச்சான்" என்றான் நிஸ்தார். "ஒரு வழி திறந்தாப் போயிரணும். உசிர் இருந்தா மிச்சத்தைப் பாக்கலாம்."

"உனக்குத் தெரியாது. அங்கால ஆமியிட்ட போற பொம்பிளைப் பிள்ளையளுக்கு என்ன நடக்குதெண்டு தெரியுமோ?"

"தெரியும். இங்கால நிக்கிறாக்களுக்கு என்ன நடக்குதெண்டும் தெரியும்."

பஸ்ரியன் மறுபடி பின் சீற்றுக்குள் குனிந்தான்.

செவ்வாய்க்கிழமை காலை, எட்டு மணி தாண்டி, பிரேக்கைச் சோதிக்க இம்பாலாவை வெளியே எடுத்தார்கள். கிங்ஸ்ரன் வீதி வழியாகப் பிக்கரிங் வரைக்கும் போய், ஏரிக்கரையில் திரும்பலாம் என்று எண்ணம். கூரை திறந்திருந்தது, வெயில் இருந்தது, வண்டி வெண்ணெயாக ஓடியது. பஸ் தரிப்பில் நின்ற ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிக் காட்டினார். ஏரிக்கரைக்கு வந்து நிறுத்தியதும் போன் அடித்தது. திரையில் நீளமான, ஊர் பேர் தெரியாத ஒரு இலக்கம்.

பஸ்ரியன் பொத்தானை அமத்தினான்.

"இஞ்சாருங்கோ."

எட்டு ஸ்பீக்கரிலும் வேரோனிக்காவின் குரல். இரண்டு மாதத்துக்குப் பிறகு கேட்கிறான். 

"சற்றலைட் போன். பின்னால சனம் நிக்குது, ஒரு நிமிசம்தான் தந்தவை. ரெண்டு பேரும் இருக்கிறம். பக்கத்துத் தறப்பாள் கொட்டில் அமிர்தநாதர் குடும்பம் விடியப்புறம் களப்புத் தண்ணிக்கால இறங்கி ஆமிப் பக்கம் போகப்போகினம். எங்களையும் வரச் சொல்லுகினம். நாங்களும் போகட்டோ? என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. நீங்கள் சொல்லுங்கோ."

"வேரோ, கப்பல் ஒண்டு வருது—"

நிஸ்தார் பாய்ந்து டாஷ்போட்டுக்குக் குனிந்தான். "தங்கச்சி, நான் நிஸ்தார்! நிக்க வேணாம்—"

பஸ்ரியன் இரண்டாவது பொத்தானை அமத்தினான். ஸ்பீக்கர்கள் செத்தன. அவன் போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு, கதவைத் திறந்து இறங்கி, கல்லுகளுக்கு மேலால் நாலடி நடந்தான்.

"நில்லுங்கோ" என்றான். "கரையை விட்டு அசையாதேங்கோ. அமெரிக்கன்ர கப்பல் வெளிக்கிட்டிட்டுது. மூண்டு நாள். ஏத்தி நேர இஞ்சதான் கொண்டு வருவாங்கள். ஆமியிட்ட மட்டும் போகாதேங்கோ."

"சத்தியமாவோ?"

"உறுதிப்படுத்தின செய்தி."

"நீங்கள் சொன்னாச் சரி." அவள் மூச்சு விடுவது கேட்டது. "நிஸ்தார் அண்ணை என்னவோ சொன்ன மாதிரிக் கிடந்தது?"

"அவன் சும்மா. சுகம் கேட்டவன்."

பிறகு ஒரு இரைச்சல், அதற்குள்ளிருந்து கரோலின். "அப்பா, பத்துக்கு வந்திட்டுதோ?"

"வந்திட்டுதம்மா."

அழைப்பு அறுந்தது. பஸ்ரியன் திரும்பி வந்து ஏறினான். கூரை திறந்த காரில் நாலடி தூரம் ஒரு தூரமா? நிஸ்தார் எல்லாவற்றையும் கேட்டிருந்தான். மிட்லண்டுக்கு வந்ததும் இறங்கி, ஒரு பழைய கொரோலாவுக்கு எண்ணெய் மாற்றத் தொடங்கினான்.

மூன்று நாள் போயிற்று, நாலு போயிற்று. திங்கட்கிழமை எல்லாம் முடிந்தது என்று தொலைக்காட்சி சொன்னது. அன்று இங்கே விக்டோரியா டே, விடுமுறை. பொழுதுபட ஸ்காபரோ முழுக்கப் பிள்ளைகள் வாணம் விட்டார்கள். கராஜ் முற்றத்தில் நின்ற பஸ்ரியனுக்கு ஒவ்வொரு வாணத்துக்கும் முதல் அந்தத் தொம் என்ற சத்தம் கேட்டது. தன்னை அறியாமல் எண்ணினான். மூன்று எண்ணுவதற்குள் வானத்தில் பச்சையும் சிவப்புமாக விரிந்தது. பிள்ளைகள் கத்திச் சிரித்தார்கள். அவன் உள்ளே போய்க் கதவை இறக்கினான்.

யூனிவர்சிற்றி அவெனியூவில் ஜெயரட்ணம் அங்கிளை ஒரு தடவை கண்டான். காதில் போன் இல்லை. கப்பல் எங்கே என்று கேட்டான்.

"அது அப்ப வந்த செய்தி, தம்பி" என்றார் அவர். அவருடைய தங்கையும் அங்கேதான் இருந்தாளாம். அதை அவர் முன்னர் சொன்னதேயில்லை. பஸ்ரியன் அவருடைய கழுத்தைப் பிடிக்கப் போன கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான்.

ஆனி முழுக்க ஒரு தகவலும் இல்லை. முகாம்களிலிருந்து வந்த பெயர்ப் பட்டியல்களைப் பார்த்தான், கம்பிவேலிக்கு உள்ளே நின்ற முகங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். ஒவ்வொரு ஞாயிறும் கோவிலுக்குப் போய் இருந்தான், வாய் செபம் சொன்னது, மனம் ஏரிக்கரையில் நின்றது. மிச்ச நேரமெல்லாம் கூரையோடு கிடந்தான். கைக்கு ஒரு வேலை இல்லாவிட்டால் விசர் பிடித்துவிடும் போலிருந்தது. ஒருநாள் மத்தியானம், ஒரு வால்வை மாற்றிப் பூட்டிப் பொத்தானை அமத்தி எண்ணியபோது சரியாகப் பத்தில் கூரை வந்து முன் கண்ணாடியில் கிளிக்கென்று பூட்டுப்பட்டது. நிஸ்தார் பார்த்துக்கொண்டு நின்றான். 

ஆடி நடுவில், ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு அழைப்பு வந்தது. பற்றரியைச் சோதிக்கச் சாவியைத் திருப்பியபடி பஸ்ரியன் இம்பாலாவுக்குள் இருந்தான். நிஸ்தார் பக்கத்தில் போனற்றுக்குள் குனிந்திருந்தான். எட்டு ஸ்பீக்கரும் ஒன்றாக அடித்தன.

"இஞ்சாருங்கோ, நான்தான்."

நிஸ்தார் நிமிர்ந்தான். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போகத் திரும்பினான். இரண்டாவது பொத்தான் பஸ்ரியனின் பெருவிரலுக்குக் கீழே இருந்தது. இந்த முறை அவன் அதை அமத்தவில்லை. கையால் நில் என்று காட்டினான்.

"எங்க இருக்கிறாய்?"

"வவுனியா முகாமில. ஒராளிட்டக் களவா ஒரு போன் இருக்கு."

"கரோலின்?"

ஸ்பீக்கருக்குள் முகாமின் இரைச்சல் கேட்டது. ஆரோ தண்ணீர் வரிசைக்குச் சண்டை பிடித்தார்கள்.

"இல்லை" என்றாள் வேரோனிக்கா.

பஸ்ரியன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தான். கேட்கக் கூடாது என்று மனம் சொன்னது, வாய் கேட்டது. "எப்ப?"

அவள் அழாமல் சொன்னாள். எத்தனையோ தரம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்த ஒழுங்கு அதில் இருந்தது. செவ்வாய் போன் கதைத்த பிறகு கரையிலேயே இருந்தார்கள். அடுத்த நாள் விடியப்புறம் அமிர்தநாதர் குடும்பம் வந்து கூப்பிட்டது, கப்பல் வருகிறதென்று இவள் மறுத்துவிட்டாள். நீங்களும் நில்லுங்கள், கப்பலில் போகலாம் என்று அவர்களைக்கூடத் தடுத்துப் பார்த்தாளாம். அவர்கள் கேட்கவில்லை. ஏழு பேரும் போய்ச் சேர்ந்து, இப்போது இதே முகாமில் நாலு கூடாரம் தள்ளி இருக்கிறார்கள். இவள் மகளோடு மூன்று நாள் கடலைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். நாலாம் நாள் காலை பக்கத்துப் பங்கருக்குள் ஒரு குடும்பமே முடிந்தபோது இவளுக்குப் பொறுமை விட்டுப்போயிற்று. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சனத்தோடு நடந்தாள்.

"வழியில ஒரு மறைப்பும் இருக்கேல்லை. குத்துற சத்தம் கேட்டது. எண்ணிக்கொண்டுதான் ஓடினவள்." அவள் நிறுத்தினாள். "எட்டு மட்டும் எனக்குக் கேட்டது."

நிஸ்தார் கராஜ் தரையில் குந்திவிட்டான்.

"நீங்கள் சொன்னதைக் கேட்டு இன்னும் ஒரு நாள் நிண்டிருக்கோணும்" என்றாள் வேரோனிக்கா. "நான்தான் பொறுக்காமல் வெளிக்கிட்டனான். பிள்ளையை நான்தான் சாகக் குடுத்திட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"வேரோ—"

"எனக்கு ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. இஞ்ச ஒருதருக்கும் தெரியேல்லை. நாங்கள் வெளிக்கிட்ட பிறகு, கப்பல் வந்ததோ?"

ஒரு கணம், வந்தது என்று சொல்ல அவனுக்கு வாய் வந்தது. இந்தக் கதையில் அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். வந்தது என்றால் அவன் சொன்னது சரியாகிவிடும். பழி அவளோடு போய்விடும், அவள் ஏற்கெனவே அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டுதான் நிற்கிறாள். அந்தக் கணத்துக்காகப் பஸ்ரியன் தன்னைப் பிறகு ஒருநாளும் மன்னிக்கவில்லை.

"வரேல்லை" என்றான்.

"அப்ப பிந்தித்தான் வந்ததோ?"

"வரவேயில்லை. அப்பிடி ஒரு கப்பல் இருக்கேல்லை, வேரோ. இஞ்ச எல்லாரும் சொன்னவை. நானும் சொன்னனான்."

தண்ணீர் வரிசைச் சண்டை ஓய்ந்திருந்தது. ஸ்பீக்கரில் அவளுடைய மூச்சு மட்டும், பின் சீற்றிலும் முன் சீற்றிலும், கேட்டுக்கொண்டிருந்தது. அவள் கத்துவாள் என்று அவன் காத்திருந்தான். கத்தினால் நல்லது என்று இருந்தது.

"அண்டைக்கு நிஸ்தார் அண்ணை குறுக்கால வந்து என்னவோ சொன்னவர்" என்றாள் அவள். "என்ன சொன்னவர்?"

பஸ்ரியன் வாயைத் திறந்தான்.  அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் அவன் பொத்தானை அமத்தாமல் விட்டதே, ஆனால் நாக்கு எழும்பவில்லை. நிஸ்தார் தரையிலிருந்து எழும்பினான். வந்து கதவுக்கு மேலால், அன்றைக்குக் குனிந்த அதே மாதிரி, டாஷ்போட்டுக்குக் குனிந்தான். அவன் கண் பஸ்ரியனின் முகத்தில் இருந்தது.

"தங்கச்சி, நான் நிஸ்தார்" என்றான். "சும்மா, சுகம்தான் கேட்டனான்."

"அப்பிடியோ" என்றாள் வேரோனிக்கா. கொஞ்சம் பொறுத்து, "நல்லது அண்ணை" என்றாள். போனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நிஸ்தார் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி நிறுத்தினான். இம்பாலா அந்த வருடக் கடைசியிலிருந்து கலியாணங்களுக்குப் போகிறது, ஓட்டுவது அவன்தான். கூரை எப்படி இவ்வளவு கெதியாக மூடுகிறது என்று மாப்பிள்ளைமார் கேட்பார்களாம். நல்ல மோட்டார் என்று சொல்வானாம். இருவரும் இன்னும் ஒரே கராஜில்தான் வேலை செய்கிறார்கள், ஒரே பெட்டியில் கொண்டுவந்து மத்தியானம் சாப்பிடுகிறார்கள். அன்றைக்குப் பிறகு பஸ்ரியன் நிஸ்தாரின் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை.